திரும்பிப் போகும் புகை

இயந்திரம் என்று வந்துவிட்டால் நம் கவிஞர்களுக்கு அது ஒன்றில் அரக்கன், அல்லது நகரம் என்பதற்கு ஒரு குறியீடு. சக்கரம் சுழலும், மனிதன் நசுங்குவான், புகை வானத்தை மறைக்கும், கவிதையும் முடிந்துவிடும். துருப்பிடித்த பத்து மில்லிமீற்றர் போல்ற் ஒன்று அசைய மறுக்கும்போது மணிக்கட்டுக்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. அது என் வாசிப்பின் குறையாகவும் இருக்கலாம். நான் கார் திருத்துகிறவன் என்று தெரிந்ததும் இலக்கிய நண்பர்கள் ரொபேர்ட் பேர்சிக்கின் 1974ஆம் ஆண்டுப் புத்தகத்தை, ஸென்னும் மோட்டார் சைக்கிளும் பற்றியதை, நீட்டுகிறார்கள். இதுவரை மூன்று பிரதிகள் சேர்ந்துவிட்டன. ஸென் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுத நினைப்பது ஒரு காரைப் பற்றி. அதை யாரும் குறியீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் நானே அப்படி எடுத்துக்கொண்டு விட்டேனோ என்ற சந்தேகம் இருப்பதால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

கார் 2006இல் பதிவான ஸ்கோடா ஃபாபியா வி.ஆர்.எஸ். ஐந்து கதவுகள் கொண்ட, சந்தைக்குப் போய்வரும் குடும்பத்துச் சின்னக் காருக்குள் அளவுக்கு மீறிய வலுவுள்ள எஞ்சினை வைத்தால் அதை இங்கிலாந்தில் ‘ஹொட் ஹற்ச்’ என்பார்கள். 1976இல் விற்பனைக்கு வந்த வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ. இந்த வகைக்கு ஒரு மரியாதையை உண்டாக்கியது. அவையெல்லாம் பெரும்பாலும் பெற்றோல் கார்கள். சீறிப் பாய்வதற்குப் பெற்றோல், சுமை இழுப்பதற்கு டீசல் என்று ஒரு சாதிப் பிரிவினை இருந்தது. ஸ்கோடா முதலாவது ஃபாபியா வி.ஆர்.எஸ்.ஸை, 2003 முதல் 2007 வரை, டீசலில் மட்டுமே செய்தது. 1.9 லீற்றர், நான்கு சிலிண்டர், 130 குதிரைவலு, 310 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, ஆறு கியர். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீற்றர் வேகத்துக்கு ஒன்பதரை விநாடிக்குக் கிட்ட எடுக்கும். இன்றைக்கு ஒரு சாதாரண மின்கார் அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஆனால் நாலாவது கியரில், ஏற்றமொன்றில், கால் சற்று அழுந்தியதும் முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது போன்ற அந்த உணர்வு பெற்றோல் காரில் கிடைப்பதில்லை. நான் அதற்காகத்தான் வாங்கினேன். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த வருஷங்களில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எத்தனையோ கார்களைப் பார்த்திருக்கிறேன். என் பெயரில் ஒன்று வேண்டும் என்று நினைத்தது இதை மட்டுந்தான். 2011இல், ஹரோவில், எழுபதினாயிரம் மைல் ஓடிய பிறகு அது என் வீட்டு வாசலுக்கு வந்தது. அதே வருஷந்தான் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார்.

விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். அப்பா தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டார்.

“என்னடா, காருக்குள்ள லொறி எஞ்சினை வைச்சிருக்கிறாங்கள்?”

“டீசல் அப்பா.”

“அது சத்தத்திலையே தெரியுது. தட்டுதெல்லே.”

பதினாலு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் நீண்ட பேச்சு அந்தத் தட்டல் சத்தத்தைப் பற்றியது. மற்ற விஷயங்களுக்கு இருவரும் பின்னர்தான் வந்தோம். சிலவற்றுக்கு வரவேயில்லை.

அப்பா ஊரில் வாடகைக் கார் ஓடியவர். மொறிஸ் மைனர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இதை ஒரு வீரக் கதையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் லண்டனில் பல மேசைகளில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். வீரத்தைவிட அதில் அதிகம் இருந்தது வேலை. மண்ணெண்ணெய் கனமானது, குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது. ஆகவே முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றி, சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில சொட்டை காபரேற்றருக்குள் விட வேண்டும். பற்றரி இல்லாததால் முன்பக்கத்தில் கம்பியை விட்டுக் கையால் சுழற்ற வேண்டும். எஞ்சின் பிடித்துச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெயைத் திறக்கலாம். மொறிஸ் மைனரில் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கும். கழிவின் சூடு உள்ளே போகிறதையும் சூடாக்கும். கேம்பிரிட்ஜில் படித்த யாரோ ஒரு எஞ்சினியர் குளிர்நாட்டுக்காக யோசித்து வைத்தது எங்களுக்கு மண்ணெண்ணெய்க்கு உதவியது என்று அப்பா சொல்வார். கேம்பிரிட்ஜ் அவருடைய சொந்தக் கற்பனை.

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். எண்ணெய் மாற்றலாம் என்றால் எண்ணெய் இல்லை. சில கிழமைக்கொருமுறை தலையைக் கழற்றிப் பிஸ்ரன்களின் மேல் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். அது என் வேலை. பிளக்குகளை அரத்தாளில் தேய்ப்பது தம்பியின் வேலை. பின்னேரங்களில் முற்றத்தில் சாக்கை விரித்து இதைச் செய்துகொண்டிருப்போம். இரவில் பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தியையோ, செல் விழுந்த வீட்டிலிருந்து ஒருவரையோ ஏற்றிக்கொண்டு, விளக்கைப் போடாமல், அப்பா பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவார். புகை கண்ணைக் கரிக்கும். காருக்குள்ளும் புகைதான்; தரைத்தகடு உக்கிப் போயிருந்தது. ஐந்து வருஷம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது அந்தக் காரும் நாவற்குழிப் பாலம் தாண்டியது. தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் அதை விட்டோம்.

ஆகவே பழைய எஞ்சின் ஒன்றைச் சாகவிடாமல் வைத்திருப்பது நல்ல காரியம் என்பதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. எனக்குக் கிடைத்த ஒரே மத போதனை அது என்றுகூடச் சொல்லலாம்.

2012இல் நான் ஃபாபியாவை ‘மேம்படுத்தினேன்’. எஞ்சினை ஆளும் கணினியின் கணக்கை மாற்றி எழுதும் கடைகள் இங்கே நிறைய. மடிக்கணினியைச் செருகி முக்கால் மணி நேரத்தில் 130 குதிரைவலுவை 165 ஆக்கித் தந்தார்கள். டீசல் கூடுதலாகப் பாயும், ரேபோவின் அழுத்தம் ஏறும், அவ்வளவுதான். சில மாதத்தில் கிளச் வழுக்கத் தொடங்கியது. அந்தக் கடை அதைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளச்சும் மாற்றினேன். ஒன்றை உயர்த்தினால் அடுத்ததின் பலவீனம் தெரியவரும் என்பது இந்த விளையாட்டின் விதி. எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கூடவே இன்னொன்றும் செய்தேன். இந்தக் கட்டுரை உண்மையில் அதைப் பற்றியதுதான்.

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் சூடும் ஒக்சிசனும் மிகுதி. அந்தச் சூட்டில் காற்றின் நைதரசனும் ஒக்சிசனோடு சேர்ந்து நைதரசன் ஒக்சைட்டுகளாகிறது. நெஞ்சைப் பிடிப்பது அதுதான். இதைக் குறைப்பதற்காகக் கழிவுப் புகையில் ஒரு பங்கை ஒரு வால்வு வழியாக மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே விடுவார்கள். ஒக்சிசன் குறையும், சூடு தணியும், நைதரசன் ஒக்சைட்டும் குறையும். ஆனால் அந்தப் புகையிலுள்ள கரி, எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய்ப் படலத்தோடு சேர்ந்து, உள்ளே போகும் குழாயில் தாரைப் போல அப்பிக்கொள்ளும். நான் அந்தக் குழாயைக் கழற்றியபோது நடுவில் பெருவிரல் நுழையுமளவு ஓட்டைதான் மிஞ்சியிருந்தது. சுரண்டியதில் அரைக்கோப்பை கரி. அப்பா பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டார். விளக்கினேன்.

“தான் விட்ட மூச்சைத் தானே இழுத்தால் சளி பிடிக்காமல் என்ன செய்யும்?” என்றார். “அடைச்சு விடு.”

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இந்தக் காரை வைத்திருப்பவர்களில் பலர் செய்வதுதான். வால்வுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு தகடு. கடையில் சில பவுணுக்குக் கிடைக்கும். அப்பா வாங்க விடவில்லை. சமையலறையிலிருந்து பழைய சில்வர் சட்டியின் மூடி ஒன்றை எடுத்துவந்து, வாளால் அறுத்து, அரத்தால் ராவி, இரண்டு ஓட்டையும் துளைத்து, ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அதைச் செய்தார். எழுபத்திரண்டு வயது. வந்த நாளிலிருந்து அவர் இந்த நாட்டில் செய்த முதல் வேலை. தகடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. கணினியிலும் அந்த வால்வை இல்லையென்றாக்கியாயிற்று. எஞ்சின் இலேசாயிற்று, உள்ளே சுத்தமாகவே இருந்தது. வெளியே என்ன போயிற்று என்பதை யாரும் சுரண்டிக் கோப்பையில் எடுக்க முடியாது.

வருஷாவருஷம் எம்.ஓ.ரி. சோதனைக்குப் போகும். புகைக்குழாயில் கருவியைச் செருகி, கால் முழுக்க அழுத்திப் பார்ப்பார்கள். அது அளப்பது கரியின் அடர்த்தியை. நைதரசன் ஒக்சைட்டை அல்ல. தேறிவிடும். 2015 செப்ரெம்பரில் வொக்ஸ்வாகன் விவகாரம் வெளியே வந்தது. சோதனை நடக்கிறது என்பதைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் மென்பொருள் இலட்சக்கணக்கான டீசல் கார்களில் இருந்தது. எங்கள் வேலைத்தலத்தில் எல்லோரும் கொதித்தார்கள். என்னுடைய எஞ்சின் அந்த வரிசைக்கு முந்தியது; அந்தக் குற்றச்சாட்டில் அது இல்லை. இதை நான் இரண்டு மூன்று பேரிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர்கள் மென்பொருளால் செய்ததை நான் சட்டி மூடியால் செய்திருக்கிறேன் என்பது அன்றிரவு படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. உறைத்தது என்றால், உறைத்துவிட்டுத் தூங்கிப் போனேன்.

2016 கோடையில் காம்ஷாப்ட் மாற்ற வேண்டியதாயிற்று. இந்த எஞ்சினில் டீசலை அழுத்தும் பம்பும் அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்ரரும் ஒன்றாகவே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக இருக்கும். ஜெர்மன் மொழியில் பம்ப-டூஸ. காம்ஷாப்டே அதை நேரடியாகக் குத்தி, 2000 பாருக்கு மேல் அழுத்தத்தை எழுப்பும். காது கேட்கும் அந்தத் தட்டலும், முதுகில் படும் அந்த உள்ளங்கையும் இதிலிருந்து வருபவை. ஆனால் இந்தக் குத்துக்கு இடம்விட்டதில் வால்வுகளைத் திறக்கும் மேடுகள் ஒடுங்கிப் போயின. அதற்கென்று வகுத்த எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், 505.01 என்று தகரத்தில் போட்டிருக்கும். முந்திய சொந்தக்காரர் மலிவானதை ஊற்றியிருக்கிறார் போலும். மூடியைத் திறந்தபோது மூன்றாவது சிலிண்டரின் மேடு ஒன்று வழித்த தேங்காய்போலிருந்தது.

அந்த வேலையை நான் இரண்டு சனி ஞாயிறுகளில் செய்தேன். விபரிக்க ஆசை, அச்சகத்தாரின் பொறுமை கருதிச் சுருக்குகிறேன். ஒரு இடத்தை மட்டும் சொல்லவேண்டும். புதிய காம்ஷாப்டை இருத்திய பின் ஒவ்வொரு இன்ஜெக்ரரின் திருகையும் சரிசெய்ய வேண்டும். மேட்டின் உச்சியைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து, திருகை இனி இறங்காது என்னும்வரை இறக்கி, பிறகு அரைச் சுற்றுப் பின்னே எடுக்க வேண்டும். அந்த அரைச் சுற்றுத்தான் உலோகமும் உலோகமும் மோதாமலிருக்க விடும் இடைவெளி. கை அறியும் ஒரு தடை அங்கே வரும். அப்பா ரோர்ச் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது திருகில் வெளிச்சம் ஆடத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். ரோர்ச்சைத் தூக்கி நிற்பதற்கு அவருக்கு மூச்சுப் போதவில்லை.

நெஞ்சு வைத்தியத்துக்கு ஒரு ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தார்கள். மொழிபெயர்ப்பாளன் நான்தான். இளம் பெண் டொக்டர். எப்போதாவது புகைத்தவரா என்று கேட்டார். ஒருநாளும் இல்லை. என்ன தொழில்? கார் ஓடினவர். அவர் எழுதப் போனார். அப்பா என் முழங்கையைத் தட்டி, “மண்ணெண்ணெயைச் சொல்லு” என்றார். நான் சொன்னேன். காரிலா, என்று அவர் கேட்டார். காரில்தான், ஐந்து வருஷம். ஏன் என்று கேட்டார். பொருளாதாரத் தடையை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் பொறுமையாகக் கேட்டு நீளமாக எழுதிக்கொண்டார். இதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நாட்பட்ட சுவாசத் தடை என்று நோய்க்குப் பெயர். கரி சுரண்டிய பிள்ளைகள் இருவரையும் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அப்பா 2018 மாரியில் காலமானார். தகடு காரில் இருந்தது.

2020 டிசெம்பரில் லண்டன் மரண விசாரணை மன்று ஒன்று ஒரு தீர்ப்புச் சொன்னது. லூயிஷத்தில், தென் சுற்றுவீதிக்கு அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பெப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தவள். அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரணச் சான்றிதழில் எழுதும்படியாயிற்று. பிரித்தானியாவில் அதற்குமுன் யாருடைய சான்றிதழிலும் அப்படி எழுதப்பட்டதில்லை. சட்ட வரம்புக்கு மேலான நைதரசன் ஒக்சைட் என்று செய்தியில் வந்தது. நான் அந்த வீதியால் ஒருபோதும் வேலைக்குப் போனதில்லை. அவள் வாழ்ந்த இடம் எங்களுக்கு மறுகோடி. இதை மனம் எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டுச் சொல்லியது என்பதைப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

பழைய உபகாரணம் ஒன்று எப்போதும் கையிலிருந்தது. புதுக் கார் செய்வதற்கு ஆகும் இரும்பும் எரிபொருளும் எவ்வளவு. பழையதை வைத்திருப்பவன் அல்லவா பூமிக்கு நல்லவன்? இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது கரியமில வாயுவின் கணக்கு. வானத்தோடு தீர்க்கும் கணக்கு. நைதரசன் ஒக்சைட் அப்படியல்ல. அது வீதியில், தள்ளுவண்டியில் குழந்தை இருக்கும் உயரத்தில் நிற்பது. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியவில்லை.

2021 தவக்காலத்துக் குளிரில், ஊரடங்கு முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகட்டைக் கழற்றினேன். போல்ற் இரண்டும் துருவேறி இருந்தன, ஒன்று முறிந்தது. புது வால்வு வாங்கிப் பூட்டினேன். மடிக்கணினிக் கடைக்குப் போய் எஞ்சினின் கணக்கைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே திரும்ப எழுதித் தரும்படி கேட்டேன். 165இலிருந்து 130க்கு. பையன் விளங்காமல் பார்த்தான். விற்கப் போகிறீர்களா என்றான். இல்லை என்றேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்று சொல்லிக் காசைக் குறைத்து எடுத்தான். கார் மந்தமாயிற்று. உள்ளே மீண்டும் கரி படியத் தொடங்கியிருக்கும்.

தகடு ஸ்பானர் பெட்டியில் கிடக்கிறது. ஒரு பக்கம் தீய்ந்து கறுத்திருக்கிறது. மறுபக்கத்தில் அப்பாவின் அரம் ஓடிய கீறல்கள் தெரிகின்றன. விளிம்பில் மூடியின் வளைவு கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகுதான் சட்டம் வந்தது. மாசு குறைந்த வலயம் 2023 ஓகஸ்ற் 29இலிருந்து லண்டன் முழுவதும் என்றாயிற்று. பெற்றோல் என்றால் யூரோ 4 போதும், டீசல் என்றால் யூரோ 6 வேண்டும். இல்லாவிட்டால் காரை அசைத்த ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டரைப் பவுண். எங்கள் ஹரோ உட்பட ஐந்து உள்ளூராட்சிச் சபைகள் வழக்குப் போட்டுத் தோற்றன. தமிழ்க் கடைகளில் அந்த மாதம் இதே பேச்சு. ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்றார்கள். வான் வைத்துப் பிழைக்கிறவர்களைப் பொறுத்தவரை அது பொய்யல்ல. நான் மரக்கறி பொறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கமும் சேர முடியவில்லை. கமரா நம்பர் பிளேற்றை மட்டும் வாசிக்கிறது. உள்ளே தகடு இருக்கிறதா, கழற்றியாயிற்றா என்பது அதற்கு ஒன்றே. எனக்கு அதில் ஒரு கோபம் வந்தது. யாரிடம் பாராட்டை எதிர்பார்த்தேன் என்று யோசித்தபோது கோபம் அசட்டுத்தனமாகப் பட்டது.

பழைய காரை உடைக்கக் கொடுத்தால் இரண்டாயிரம் பவுண் தருவார்கள் என்றிருந்தது. 2024 மார்ச்சிலிருந்து, உடைக்காமல் உக்ரைனுக்குக் கொடுக்கலாம் என்றும் ஆக்கினார்கள். அந்தச் செய்தியை வாசித்த இரவு எழுந்து போய்ப் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். விளக்குப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஒரு கார். எரிபொருளுக்கு அலையும் ஒரு தகப்பன். பாதியில் நிறுத்திவிட்டேன். அங்கே தேவைப்படுவது பெரிய நான்கு சக்கர இழுவை வண்டிகள். என்னுடையது நிலத்தோடு உரசும் சின்னக் கார். அதற்கும் மேலாக, நான் ஒரு யுத்தத்தை இன்னொரு யுத்தத்துக்குள் பார்சல் பண்ணப் பார்க்கிறேன் என்று தோன்றியது. செப்ரெம்பரில் அந்தத் திட்டமும் மூடப்பட்டது.

இப்போது வேலைக்குப் பஸ்ஸில் போகிறேன். கார் வாசலில் நிற்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, பன்னிரண்டரைப் பவுணைக் கட்டிவிட்டு, அதை வலயத்துக்கு வெளியே எடுத்துப் போகிறேன். மெதுவாகவே ஓடினால் ரேபோவின் அலகுகள் கரியில் இறுகிவிடும். ஆகவே சில்ரேர்ண் குன்றுப் பக்கம் ஏற்றமொன்றில் மூன்றாவது கியரில் கால் முழுக்க அழுத்தி ஏற்றுவேன். கண்ணாடியில் பின்னால் ஒரு கறுப்புத் திரள் எழுந்து மரங்களுக்குள் போவது தெரியும். அங்கே வீடுகள் இல்லை. மேலே போய்க் காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. பஸ்ஸில் போகிறவருக்கு ஓடாத கார் எதற்கு என்று கேட்கிறாள். இந்த வருஷம் ரைமிங் பெல்ற் மாற்றவேண்டும் என்றேன். இரண்டாயிரம் மைல்கூட ஓடவில்லையே என்றாள். பெல்ற்றுக்கு மைல் கணக்கு ஒன்று, வருஷக் கணக்கு ஒன்று. எது முந்துகிறதோ அது. நின்றுகொண்டிருந்தாலும் றப்பருக்கு வயது போகும். அறுந்தால் பிஸ்ரன் வால்வுகளில் மோதி ஒரு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மேலே போய்விட்டாள்.

பெல்ற்றும் தண்ணீர்ப் பம்பும் போன கிழமை வந்துவிட்டன. பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. காம்ஷாப்டைப் பூட்டிவைக்கும் கருவியை நண்பர் ஒருவர் தைப்பொங்கலுக்கு முன் இரவல் வாங்கிப் போனவர், இன்னும் திருப்பித் தரவில்லை.